நஞ்சுக்கு அஞ்சாத சிற்றுயிர்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே விளங்கும் திருவரங்கம் மலர்த்தொண்டிற்குப் பெயர்பெற்ற ஊர். தொண்டரடிப்பொடியாழ்வார் அங்கு நந்தவனம் அமைத்துத் திருமாலுக்கு மாலை தொடுத்தளித்தார் என்பதை மாணவர் அறிவர். கொள்ளிடத்தின் வடபால் உள்ளது லால்குடி. திருத்தவத்துறை என்பது அதன் பழம்பெயர். அவ்வூரில் என் இல்லத்து முற்றத்தில் பன்னிரண்டு ரோசாச் செடிகளை வளர்த்து வந்தேன்.

2019ஆம் ஆண்டுப் பங்குனியில் அவற்றின் இலைகளில் வெளிறிய புள்ளிகள் தோன்றின. சின்னாளில் இலைகள் பழுப்பேறி உதிரலாயின. இலையொன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை படர்ந்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கியபோது, அதனிடையே எட்டுக் கால்களையுடைய சிற்றுயிர்கள் ஊர்ந்தன. அவையே சிலந்திப்பேன்கள். பூச்சிக்குக் கால்கள் ஆறு. ஆதலின் இவை பூச்சியினம் அல்ல. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவினவாம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுடைய இவை ஊசிபோன்ற வாயுறுப்பால் இலையைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகின்றன.

கடையில் மருந்து வாங்கித் தெளித்தேன். பேன்கள் மடிந்தன, மகிழ்ந்தேன். மூன்று வாரங்களில் அவை மீண்டும் பெருகின. அம்மருந்தையே மறுபடியும் தெளித்தேன். பின்னர் அளவையும் இரட்டித்தேன். ஐந்தாம் முறை அது வெறும் நீர்போலாயிற்று. ஏழு செடிகள் பட்டுப்போயின.

என் வாட்டத்தைக் கண்ட வேளாண்மை அலுவலர் ஒருவர் காரணத்தை விளக்கினார்: “ஐயா, மாவைச் சலித்தால் பொடி கீழே விழும், கப்பி சல்லடையில் எஞ்சும். நீங்கள் தெளித்த நஞ்சும் ஒரு சல்லடையே. ஆயிரம் பேன்களில் இரண்டொன்று அந்நஞ்சைத் தாங்கும் இயல்போடு பிறந்திருக்கும். மற்றவை மடிய, அவை மட்டும் எஞ்சி இனம் பெருக்கும். ஒரே நஞ்சைத் தெளிக்குந்தோறும் வலியனவற்றையே தெரிந்தெடுத்து வளர்க்கிறீர்கள். அளவை மிகுத்தல் செடிக்கும் நமக்கும் தீங்கேயாகும்.”

வெப்ப நாளில் முட்டை முதிர்ந்த பேனாவதற்குப் பத்து நாள் அளவே போதும். ஒரு பெண் பேன் ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். ஆகவே மாற்றம் விரைந்து நிகழ்கிறது. இருபுள்ளிச் சிலந்திப்பேன் என்னும் வகை, உலகின் பல பகுதிகளிலுமாகத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நஞ்சுகளைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டது. அதன் மரபுக்கூறுகள் முழுவதையும் அறிஞர்கள் 2011ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதைப் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயின் அந்நஞ்சு தெளித்த தோட்டங்கள் பலவற்றில் சிலந்திப்பேன்கள் முன்னினும் பெருகின. அவற்றைத் தின்னும் பொறிவண்டு முதலிய நண்பர்கள் மடிந்தமையே அதற்குக் காரணம்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நாள்தோறும் இலையின் அடிப்புறத்தை நீரால் கழுவுதல் வேண்டும். நோயுற்ற இலைகளைக் கிள்ளி அழித்தல் வேண்டும். செடியை வாடவிடாமலும் தூசி படியவிடாமலும் காத்தல் வேண்டும். பேனைத் தின்னும் உயிர்களைப் பேணுதல் வேண்டும். மருந்து இன்றியமையாததாயின், அறிந்தாரைக் கேட்டு, செயல்படும் முறையில் வேறுபட்டவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தல் வேண்டும். பெயர் வேறாகிச் செயல் ஒன்றாயின் பயனில்லை.

எஞ்சிய ஐந்து செடிகளுக்கும் நாள்தோறும் காலையில் நீர் தெளித்து வருகிறேன். சிலந்திப்பேன்கள் முற்றும் ஒழிந்தில. எனினும் செடிகள் பூக்கின்றன. பகையின் இயல்பை ஆராயாது, கையிலிருந்த படைக்கலத்தையே ஓயாது வீசினேன், பகையே வலுத்தது. மாணவர்களே, ஏழு செடிகளை இழந்து யான் கற்ற இப்பாடத்தை நீங்கள் இழப்பின்றிக் கற்பீர்களாக.