லாண்டட்னோ கடற்கரைக்குப் போகிறீர்களா?

வேல்ஸின் வடக்கே உள்ள லாண்டட்னோவில் கடற்கரை ஒன்றல்ல, இரண்டு. இது தெரியாமல் போனால் குழந்தைகளின் மணல் வாளிக்கு வேலையிருக்காது. ஹோட்டல்கள் வரிசைகட்டி நிற்கும் வடகரையில் பெரும்பாலும் கூழாங்கற்கள்தான். வெறுங்காலோடு நடந்தால் பாதம் நோகும், பழைய செருப்பு ஒன்று இருக்கட்டும். மணல் வேண்டுமென்றால் ஊரின் மறுபக்கம், மேற்குக் கரைக்குப் போங்கள். அங்கே வற்றத்தின்போது கடல் வெகுதூரம் உள்வாங்கும். திரும்பி ஏறும் நேரத்தைப் பார்த்துக்கொண்டுதான் மணலில் தூரம் போகவேண்டும்.

1877இல் திறந்த பியர் என்னும் நடைமேடை சுமார் 700 மீட்டர் கடலுக்குள் நீள்கிறது. அங்கே மீனும் சிப்ஸும் வாங்கினால் சுவரோரமாக நின்று சாப்பிடுங்கள். கடற்புறாக்கள் நம்மூர்க் காக்கையைவிடத் துணிச்சல்!

கிரேட் ஓர்ம் குன்றின் உச்சிக்கு 1903 முதல் கம்பிவடம் இழுக்கும் டிராம் ஓடுகிறது. குளிர்காலத்தில் இராது. கோடையிலும் மேலே காற்று வெட்டும், அதனால் கையில் ஸ்வெட்டர் வேண்டும். குன்றில் மேயும் காஷ்மீர் ஆடுகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள்.

பெயர்ப்பலகையில் வேல்ஸ் மொழியில் 'த்ரைத்' என்றிருந்தால் கடற்கரை. சாலையில் 'அரவ்' என்றிருந்தால், மெதுவாகச் செல்லுங்கள்.