படத்தை மேலெழுப்பினால் போதுமா?

நம்பிக்கை: பாடப் புத்தகத்திலுள்ள படத்தின் கோடுகளை அப்படியே மேலெழுப்பிக் கொடுத்தால், விழிப்புலனற்ற பிள்ளை தடவிப் படித்துக்கொள்ளும்.

நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அது பிழையென்று காட்ட அம்பாறை மாவட்டத்தின் கல்முனைக் கரையோரமே போதும். இலங்கையின் நீளம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர். அதை ஏ4 தாளொன்றில் அடக்கினால், ஒரு சென்ரிமீற்றருக்குள் சுமார் 15 கிலோமீற்றர் போய்விடும். கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையில் மிஞ்சுவது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். அதற்குள்ளேதான் சாய்ந்தமருதும் இருக்க வேண்டும். கண்ணுக்கு அது மூன்று ஊர். விரல் நுனியோ இரண்டு புள்ளிகளை இரண்டாக உணர்வதற்கே சுமார் 2 மில்லிமீற்றர் இடைவெளி கேட்கிறது. மூன்று ஊரும் சேர்ந்து ஒரே புடைப்பாகத்தான் கையில் தட்டுப்படும்.

பெயர் எழுதுவது இன்னும் சிக்கல். ‘கல்முனை’ என்று பிரெயிலில் எழுத 7 கட்டங்கள் வேண்டும்: க, மெய்க்குறி, ல, ம, உகரம், ன, ஐகாரம். கட்டமொன்றுக்கு 6 மில்லிமீற்றர் என்று பார்த்தால் 4 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடுகிறது. அந்தப் படத்தில் கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரையான கரை முழுவதுமே ஏறத்தாழ அவ்வளவுதான்! ஆகவே தொடுபடம் செய்யத் தெரிந்தவர் முதலில் செய்வது குறைப்பது. அம்பாறைக் கரையோரத்துக்குத் தனிப் படம் போடுவார். ஊருக்கு ஓரிரு எழுத்துச் சுருக்கம் மட்டும் வைத்து, அதன் விளக்கத்தை வேறு தாளுக்கு மாற்றுவார். கடலுக்கு மெல்லிய சொரசொரப்பு, பிரதான வீதிக்குத் தொடர்கோடு, எல்லைக்குப் புள்ளிக்கோடு. குறிகளுக்கிடையே சுமார் 3 மில்லிமீற்றர் வெற்றிடம் விடச் சொல்கிறது, வட அமெரிக்க பிரெயில் அதிகார சபை 2010இல் வெளியிட்ட வழிகாட்டி.

நம்பிக்கை: எல்லாருக்கும் தெரிந்த சின்னங்களை வைத்தால் எளிதில் விளங்கும்.

யாருக்குத் தெரிந்த சின்னங்கள்? பள்ளிவாசலுக்குக் குவிமாடமும் பிறையும் வரைகிறோம். அது தூரத்தில் நின்று பார்த்தவரின் பள்ளிவாசல். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் அறிந்த பள்ளிவாசலில் இருப்பது பாங்கொலி, வாசற்படி, வுழூச் செய்யும் இடத்தின் ஈரத்தரை, காலடிப் பாய். சிறிதாக்கி மேலெழுப்பிய பிறையும் குவிமாடமும் அவர் விரலுக்கு வெறும் கோணல் கோடுகள். ஒரு முக்கோணத்தை வைத்து, ‘முக்கோணம் என்றால் பள்ளிவாசல்’ என்று விளக்கத் தாளில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பக்கத்தில் பாடசாலைக்குச் சதுரம், வைத்தியசாலைக்கு நடுவில் வெறுமையான வளையம். வட்டத்தையும் அறுகோணத்தையும் மட்டும் ஒரே படத்தில் சேர்க்கக் கூடாது. சிறிய அளவில் விரல் அவற்றைப் பிரித்தறியாது.

பிரெயிலின் பிறப்பே இதற்குச் சாட்சி. பாரிஸில் வலன்ரைன் ஹவுயி தொடங்கிய பாடசாலையில், சாதாரண எழுத்துகளையே மேலெழுப்பித்தான் படிப்பித்தார்கள். பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் தடவித் தேடித் தேடிச் சலித்தார்கள். ஷாள் பாபியே என்பவரின் 12 புள்ளி முறை வந்தபோது, அதன் கட்டம் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதே பாடசாலையில் படித்த லூயி பிரெயில் அதை 6 புள்ளிகளாகக் குறைத்து, 1829இல் நூலாக வெளியிட்டார். விரலால் வாசிப்பவரே வடிவமைத்ததால் அந்த முறை இன்றுவரை நிற்கிறது.

நம்பிக்கை: ஒருமுறை செய்துவிட்டால் எப்போதும் பயன்படும்.

பணத்தாளையே பாருங்கள். இந்தியாவின் 100 ரூபாய்த் தாளில் மேலெழுந்த முக்கோணமும், 500 ரூபாய்த் தாளில் வட்டமும் இருக்கின்றன. நல்ல தெரிவுதான், ஒன்றையொன்று குழப்பாது. ஆனால் கைமாறிக் கைமாறி அந்த மேடு தேய்ந்துபோகும். 2020இல் இந்திய ரிசர்வ் வங்கி, தாளின் பெறுமதியைக் கைபேசி குரலில் சொல்லும் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. வகுப்பறைப் படங்களும் தேய்கின்றன. அவற்றையும் காலத்துக்குக் காலம் மாற்றத்தான் வேண்டும்.

பிறவியிலேயே பார்வையில்லாதோருக்குப் படமே புரியாது என்பதும் உண்மையல்ல. ரொறன்ரோவில் ஜோன் கென்னடி என்ற உளவியலாளர் அவர்களிடம் வரையும் கோடு மேலெழும் தாளைக் கொடுத்தார். அவர்கள் பொருட்களை அடையாளம் தெரியும்படி வரைந்தார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டம் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்தது. இந்தக் கரையில் ‘எந்தப் பக்கம் ஓடுவது’ என்ற படம் உயிர் காக்கும் படம். அது விழிப்புலனற்றோர் கைக்கும் எட்ட வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மட்டக்களப்பில் தரிசனம் விழிப்புலனற்றோர் பாடசாலை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, வீதி, கரை, மேட்டுநிலம் என்று மூன்றே குறிகளோடு நூலும் அரத்தாளும் ஒட்டி முதல் படத்தைச் செய்யலாம். அச்சுக்குப் போகுமுன் அதைத் தடவிப் பார்த்துத் திருத்தம் சொல்லும் பொறுப்பை விழிப்புலனற்ற வாசகர்களிடமே கொடுங்கள்.