சீருக்கு வைக்கும் வீட்டுப் பலகாரங்கள்

பிள்ளை பெற்ற வீட்டுக்கும், புதுமனை புகும் வீட்டுக்கும், பெண் கொடுத்த சம்பந்தி வீட்டுக்கும் வெறுங்கையோடு செல்லாமை நம் குடியானவர்களின் பழைய மரியாதையாகும். இம்மரியாதை இப்பொழுது பெரும்பாலும் கடைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. வீட்டு மூலையில் நிலக்கடலை மூட்டையும், பானையில் எள்ளும், குதிரில் கேழ்வரகும் இருக்க, கைமாற்று வாங்கி நகரத்துக் கடையில் கிலோக் கணக்கில் இனிப்பு வாங்கிச் செல்லும் குடும்பங்களை என் சரகத்தில் அடிக்கடி காண்கிறேன். கடையில் வாங்குவது குற்றமென்று சொல்ல வரவில்லை. சொந்த நிலத்தில் விளைந்ததைக் கொண்டு அதைவிட நல்ல சீர் செய்யக்கூடும் என்பதையும், அப்படிச் செய்வதில் கவனிக்க வேண்டியவை இன்னவை என்பதையும் எழுதுவதே என் நோக்கம்.

வீட்டில் அன்றன்று செய்து தின்னும் பண்டத்துக்கும், பிறர்க்குக் கொடுக்கும் பண்டத்துக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. முன்னதைச் செய்தவரே தின்கிறார். கெட்டுப்போனால் உடனே அறிந்து எறிந்துவிடுவார். பின்னதோ மூட்டை கட்டப்பட்டு, பயணம் செய்து, இன்னொரு வீட்டு அலமாரியில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ இருந்து, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் சிறிது சிறிதாகப் பங்கிடப்படுவது. கொடுத்தவர் மனம் நோகுமே என்று கெட்டதைக்கூட எறியாமல் வைத்திருப்பவரும் உண்டு. ஆகையால் சீர்ப் பலகாரத்துக்கு ருசியைவிடக் கெடாமையே முதல் இலட்சணம். அந்தக் கெடாமை அடுப்படியில் தொடங்குவதன்று. உலர்த்தும் களத்தில் தொடங்குவது.

இதை நான் புத்தகத்தில் படித்தே அறிந்திருந்தேன் எனினும், என் வீட்டு அனுபவத்தால்தான் மனத்தில் பதிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஆடிப் பட்டத்தில் விதைத்த எங்கள் நிலக்கடலை ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொண்டது. அச்சமயம் நான் வேறு கிராமங்களில் விதைநேர்த்தி செய்து காட்டும் வேலையில் இருந்தேன். பிடுங்கிய செடிகள் இரண்டு நாள் குவியலாகவே கிடந்தன. பிறகு மூன்று நாள் அரைகுறை வெயிலில் காய்களை உலர்த்தி மூட்டையிட்டார்கள். கார்த்திகையில் என் தங்கைக்கு வளைகாப்பு. அம்மூட்டையிலிருந்தே என் தாயார் கடலை உருண்டை பிடித்து ஒரு தூக்கு நிறையக் கொண்டு சென்றார். தங்கையின் மாமியார் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, யாதொன்றும் பேசாமல் தூக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். “அண்ணா, இடையிடையே கசந்தது, அத்தைதான் ஒருவருக்கும் கொடுக்க வேண்டாமென்று கொல்லையில் புதைத்துவிட்டார்கள்” என்று தங்கை சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. காய்களை நன்கு உலர்த்துங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தவன் நான்.

அந்த அம்மாள் செய்தது முற்றிலும் சரி. ஈரம் போகாத நிலக்கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டபோது, அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே இந்நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். இது ஈரலைக் கெடுப்பது; நாளடைவில் ஈரலில் புற்றுநோய் உண்டாகவும் காரணமாவது. வறுத்தாலும் பாகில் போட்டாலும் இந்நஞ்சு முழுவதும் அழிவதில்லை. எல்லாப் பருப்பும் கசந்து எச்சரிக்கும் என்றும் நம்பியிருத்தல் கூடாது. ஆகவே வராமல் தடுப்பதே வழி.

செடியைப் பிடுங்கியவுடன் குவிக்காமல், காய் மேல்நோக்கி இருக்கும்படி பரப்பிக் காயவிட வேண்டும். ஆய்ந்த காய்களைத் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிய பரப்பாக விரித்து, பகலில் பலமுறை கிளறி, பொழுது சாய்ந்ததும் பனி படாமல் மூடுதல் அவசியம். காயில் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாத வரை உலர்த்த வேண்டும். கருவி இல்லாதவர் அறிய அடையாளங்கள் உண்டு: காயை ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஓசையிடும், பருப்பை விரலால் தேய்த்தால் செந்தோல் கழலும், இரண்டாக முறித்தால் வளையாமல் ‘படக்’கென்று முறியும். ஓசை ஒன்றை மட்டும் நம்பினால் எங்கள் வீட்டுக் கதைதான். தோடு உடைப்பதற்கு எளிதாக இருக்குமென்று காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒரு வாரம் உலர்த்திய பலனை ஒரு குடம் தண்ணீர் அழித்துவிடுகிறது. உருண்டைக்கு எடுக்கும் பருப்பைச் சுளகிலிட்டு, சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூஞ்சணம் கண்டது ஆகியவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். அவற்றை மாட்டுக்கும் வைத்தலாகாது. அந்நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கி மறுபடியும் குழந்தைக்கே வந்து சேரும்.

பாகு பதம்

பருப்பு நன்றாயிருந்தும் உருண்டை கெடுமாயின் குற்றம் பாகில் இருக்கும். வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் மணலும் சக்கையும் நீங்கும். வடித்ததை அடுப்பேற்றிக் கொதிக்கவிட, தண்ணீர் ஆவியாகப் போகப்போக பாகின் சூடு ஏறும்; பாகு இறுகும். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கரைந்துபோனால் பதம் வரவில்லை. விரலால் திரட்ட மெத்தென்ற உருண்டையாக வருவது இளம்பதம். இது அதிரசத்துக்கு ஆகும். திரட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஓசையிடுவது கெட்டிப்பதம், இதுவே கடலை உருண்டைக்கு உரியது. இளம்பதத்தில் தண்ணீர் இன்னும் மிகுதியாக நிற்கிறது. அதில் கடலையைப் போட்டுப் பிடித்த உருண்டை மூன்றாம் நாள் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு 500 கிராமுக்கு வெல்லம் 250 கிராம் போதும். ஏலமும் சுக்கும் அவரவர் விருப்பம். பதம் வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கிப் பருப்பைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடிக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் நல்லது. தனியே செய்பவர் பாதி பிடிப்பதற்குள் மீதி இறுகிவிடும். அப்படி இறுகினால் தண்ணீர் சேர்க்காமல் சட்டியை மீண்டும் இளந்தணலில் வைத்து இளக்கலாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் அடிப்படையில் நிலக்கடலையும் வெல்லப் பாகுமே என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நினைத்துப் பார்க்கலாம்.

வெல்லம் வாங்கும்போது மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதைத் தேடுவது நம்மவர் வழக்கம். அந்த நிறத்துக்காகவே ஹைட்ரோஸ் என்னும் இரசாயனத்தை அளவின்றிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சற்றுக் கருத்த வெல்லமே சீருக்கு உகந்தது.

எள்ளுருண்டைக்கும் இதே முறை. எள்ளைக் களைந்து மணல் அரித்து, நன்றாக உலர்த்தி, படபடவென்று பொரியும் வரை வறுத்துச் சேர்க்க வேண்டும். களைந்த ஈரத்தோடு வறுத்தால் மேல் கருகி உள் பச்சையாக நிற்கும். பொருள்விளங்கா உருண்டை இவை எல்லாவற்றிலும் நெடுநாள் நிற்பது. பாசிப்பயறு, அரிசி, கோதுமை இவற்றைத் தனித்தனியே வாசம் வரும்படி வறுத்து மாவாக்கி, சுக்குப் பொடி கலந்து, கெட்டிப்பாகு விட்டுப் பிடிப்பது. தேங்காய்ப் பல் சேர்ப்பவர்கள் அதை நெய்யில் சிவக்க வறுத்துச் சேர்க்க வேண்டும். பச்சையாகச் சேர்த்தால் முதலில் கெடுவது அதுவே. கல்போன்ற இவ்வுருண்டையைப் பல்லில்லாத பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மாவையும் பொடித்த வெல்லத்தையும் தனித்தனியே கொடுத்தால் பாலிலோ வெந்நீரிலோ பிசைந்து சாப்பிடுவார்கள்.

கேழ்வரகு விளைவிப்போர் முளைகட்டிய மாவு செய்து கொடுக்கலாம். தானியத்தை ஓர் இரவு ஊறவைத்து, நீர் வடித்துத் துணியில் கட்டி, முளை கண்டதும் நன்றாக உலர்த்தி, இலேசாக வறுத்து அரைப்பது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டாதலால், பிள்ளை பெற்றவளுக்கு இதைவிடத் தக்க சீர் அரிது. கம்பு மாவு மட்டும் அப்படி வைக்கத் தகாது. கம்பில் எண்ணெய்ச் சத்து மிகுதி. அரைத்த சில நாளில் காறல் வாடை வந்துவிடும். கம்பைத் தானியமாகவே கொடுத்து, அவ்வப்போது அரைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

கட்டுச்சோறு

கர்ப்பிணியைக் காணச் செல்வோர் கட்டுச்சோறு கொண்டு செல்லும் வழக்கம் கொங்கு நாட்டில் இன்றும் உண்டு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று பலவகையும் கட்டுவார்கள். இவற்றில் தேங்காய்ச் சோற்றைச் செய்த சில மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். புளிச்சோறு புளிப்பினாலும் எண்ணெயினாலும் சற்று நேரம் கூடுதலாகத் தாங்கும்; அதுவும் அன்றைக்கே தீர்க்கத்தக்கது. அரிசியில் இயல்பாக உள்ள ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் சோறு வெந்த பின்னும் சாவதில்லை. சுடுசோற்றைப் பெரிய அடுக்கில் அழுத்தி மூடினால் நடுவில் வெகுநேரம் வெதுவெதுப்பு நிற்கும். அந்த வெதுவெதுப்பில் வித்துகள் பெருகி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் வாந்தியை உண்டாக்கும் நஞ்சு போவதில்லை. ஆகவே சோற்றை அகன்ற தாம்பாளங்களில் மெல்லியதாகப் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு விரைவில் ஆற்றி, சிறு சிறு பொட்டலமாகக் கட்ட வேண்டும். தூர தேசம் செல்வோர்க்கு என் யோசனை வேறு: புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை காய்ச்சி, ஈரமற்ற கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் கொடுங்கள். அவர்கள் தம் வீட்டில் சோறு வடித்துப் பிசைந்துகொள்வார்கள்.

எந்தப் பலகாரமும் முற்றிலும் ஆறிய பின்னரே மூடத்தக்கது. அவசரத்தில் சூட்டோடு மூடிய டப்பாவின் மூடியில் ஆவி நீர்த்துளியாகி உள்ளே சொட்டும். முறுக்கு நமுத்துப்போவதும், அதிரசத்தில் வெண்பூஞ்சணம் படர்வதும் பெரும்பாலும் இதனாலேயே. கட்டுவதற்குச் செய்தித்தாள் கூடாது. அச்சு மை பண்டத்தில் ஏறும். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. பனையோலைக் கொட்டானில் உலர்ந்த வாழைச்சருகு விரித்து வைப்பது ஒருவார காலத்துக்குப் போதும். அதற்கு மேல் வைக்கவேண்டியதற்குக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவே ஏற்றது.

பெறுவோர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முன்பே விசாரித்தறிவதும் சீரைச் சேர்ந்ததே. நிலக்கடலையோ எள்ளோ ஒவ்வாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு ஓர் உருண்டையும் அபாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். தினைமாவில் தேன் விட்டுக் கொடுப்பது நல்ல வழக்கமே எனினும், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேனைத் தடவவே கூடாது. நீரிழிவு உள்ளவருக்குக் கருப்பட்டி தீங்கு செய்யாது என்று பலர் நம்பி வாங்கிச் செல்கிறார்கள், கருப்பட்டியும் சர்க்கரைதான். அவர்களுக்கு வறுத்த கொண்டைக்கடலையோ, உப்பும் மிளகும் இட்ட சுண்டலோ கொடுக்கலாம்.

டப்பாவின்மேல் ஒரு துண்டுச்சீட்டில் பலகாரம் செய்த தேதியை எழுதி ஒட்டுவதை நான் மேற்சொன்ன சம்பவத்துக்குப் பின் வழக்கமாக்கிக்கொண்டேன். மறு ஆண்டு சித்திரையில் எடுத்த கடலையை ஆறு நாள் உலர்த்தி, பருப்பை நானே உட்கார்ந்து பொறுக்கி, தாயார் பிடித்த உருண்டைகளைத் தேதிச் சீட்டோடு ஓலைப்பெட்டியில் தங்கை வீட்டுக்குக் கொண்டு சென்றேன். அந்த அம்மாள் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, ஓர் உருண்டையை உடைத்துத் தின்று, இன்னொன்றைப் பொடித்துப் பேரப்பிள்ளையின் வாயில் சிறிது வைத்தார். வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் அவர்கள் வீட்டிலும் இல்லை. புறப்படும்போது அவர்கள் நிலத்து எள் நான்கு படி அதில் நிரம்பியிருந்தது. வீட்டுக்கு வந்து கையிலெடுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு வெயில் வேண்டியிருந்தது.