சொன்ன விலை ஒன்று

என் ராசாவுக்கு,

கடை திறந்த கையோடு பேரத்தில் கைதேர்ந்துவிட்டாய் போல. போன வாரம் பார்த்தேனே! 1,200 என்று ஆரம்பித்த சேலையை, அந்தம்மா வாசல்படிவரை போனதும் கூப்பிட்டு 850-க்குக் கொடுத்தாய். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை; இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமோ என்ற நினைப்புதான். பேரம் பேசத் தெரியாத சாதுக்கள் முழு 1,200-ஐயும் கொடுத்துவிட்டுப் போவார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்று ஒரு சிறு கிறிஸ்தவக் கூட்டம் கிளம்பியது. மனசில் இல்லாத விலையை வாயால் சொல்வதும் பொய்தான் என்றார்கள். யார் வந்தாலும் ஒரே விலை. ஊரே பேரம் பேசிய காலம்; முதலில் வியாபாரம் படுத்தது. போகப்போக, சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்று சனம் அவர்கள் கடையைத் தேடி வந்தது. அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸே இதை எழுதிவைத்திருக்கிறார். கடனைக் கட்டாமல் நொடித்தவனைச் சபையைவிட்டே விலக்கினார்கள். அதனால் அவர்கள் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு. பார்க்ளேஸ், லாயிட்ஸ் வங்கிகளுக்கு வேர் அங்கேதான். லாபத்தை எண்ணித் தொடங்கியதில்லை, ராசா. லாபம் பின்னால் வந்தது.

வந்த பிறகுதான் சோதனை. அடிமை வியாபாரம் செய்பவருக்குச் சபையில் இடமில்லை என்று 1761-லேயே முடிவெடுத்தவர்கள் அவர்கள். அதே சபையைச் சேர்ந்த, சாக்லேட் ஆலை நடத்திய கேட்பரி குடும்பத்துக்கு, தாங்கள் கொக்கோ வாங்கும் சாவோ டோமே தீவில் அடிமை வேலை நடக்கிறது என்ற சேதி 1901-ல் எட்டியது. ஆள் அனுப்பி விசாரித்தார்கள், தீவை ஆண்ட போர்ச்சுகல் அரசிடம் பேசினார்கள். வாங்குவதை நிறுத்தியது 1909-ல்தான். ஈரமில்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆலைக்குப் பக்கத்திலேயே போர்ன்வில்லில் தோட்டத்தோடு வீடுகள் எழுப்பியவர்கள். கண்ணெதிரே இருந்தவனின் கஷ்டம் உறைத்த அளவு, கடலுக்கு அப்பால் இருந்தவனின் கஷ்டம் உறைக்கவில்லை. இதை நினைத்தால்தான் உன்மேல் கவலை வருகிறது.

சேலைக்குச் சேலை விலைச்சீட்டு ஒட்டு. தறிக்காரருக்குச் சொன்ன தேதியில் பணம் போகட்டும். கொள்முதலுக்குப் போகிற இடத்தில் சாயப்பட்டறைக்குள்ளும் எட்டிப் பார். யார் வேலை செய்கிறார்கள், என்ன கூலி என்று கேள். கடை சின்னதாக இருக்கும்போதே கேட்டுப் பழகிக்கொள். பெரிதானபின் கேட்க வாய் வராது.

வேளைக்குச் சாப்பிடு. தீபாவளிக்குச் சேலை எடுக்க வருவேன். அத்தையாயிற்றே என்று எனக்கு மட்டும் குறைத்துவிடாதே.

உன் அத்தை