ஒரே தெய்வம், வேறு வேறு அடுப்பு

மானுடவியல் என்ற சொல்லைப் பாடத்தில் பார்க்கும் மாணவர், "இதைப் படித்தவர் என்ன வேலை செய்வார்?" என்று கேட்பதுண்டு. வரையறை சொல்வதைவிட ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வது எளிது. ஐராவதி கார்வே (1905–1970) அதற்கு ஏற்றவர்.

பிறந்தது பர்மாவில், அந்நாட்டு ஆற்றின் பெயரே அவருக்கு. புனேயில் வளர்ந்து, பம்பாயில் ஜி.எஸ். குர்யேயிடம் சமூகவியல் பயின்று, மேல்படிப்புக்குப் பெர்லின் சென்றார். அங்கு அவருடைய வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர், இனங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு என்று நம்பியவர். மண்டையோட்டின் இரு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு இனத்தைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. மாணவி மண்டையோடுகளை அளந்து பார்த்தார். அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று ஆய்வேட்டில் எழுதினார். 1930இல் முனைவர் பட்டமும் பெற்றார். அந்த நாளில், அந்த நிறுவனத்தில், பட்டம் தர வேண்டியவரின் கருத்தையே மறுத்து எழுதுவது சிறிய காரியமா?

1939 முதல் புனே டெக்கான் கல்லூரியில் பணி. பீல் பழங்குடியினரையும் மகாராட்டிரத்தின் பல சாதியினரையும் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார். உடல் அளவெடுக்கும் அந்த முறையை இன்று பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் அவர் கண்டது இன்றும் பேசப்படுகிறது. ஒரே தொழில், ஒரே பெயர் கொண்ட சாதிகள்கூட ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை அல்ல. தனித்தனிக் குழுக்கள் காலப்போக்கில் அருகருகே வந்து அமர்ந்ததே நம் சமூகம் என்றார். 1953இல் வந்த அவருடைய உறவுமுறை நூலில் அத்தை மகன், மாமன் மகள் திருமணம் செய்யும் தென்னகமும் விரிவாக இடம்பெற்றது.

அப்படியானால் இந்தத் தனித்தனிக் குழுக்களைச் சேர்ப்பது எது? அதற்கான விடைகளில் ஒன்றை அவர் நடந்தே தேடினார். ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு, ஞானேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு ஆலந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை இரண்டு வாரத்துக்கும் மேலாக மக்கள் நடக்கிறார்கள். அந்த விட்டோபா எல்லோருக்கும் தெய்வம். கோலாப்பூர் மாவட்டத்துப் பட்டன் கோடோலியில் ஆடு மேய்க்கும் தங்கர் மக்கள் தங்கள் பிரோபாவையும் விட்டோபாவையும் சேர்த்தே வழிபடுகிறார்கள். கார்வேயும் ஒரு குழுவோடு சேர்ந்து நடந்தார். எந்த நாட்டு மக்கள் பண்டரிபுரம் போகிறார்களோ அதுவே மகாராட்டிரம் என்று புது விளக்கமே அவருக்குத் தோன்றியது.

இதோடு நிறுத்தியிருந்தால் அது பக்திக் கட்டுரையாகியிருக்கும். அவர் அடுப்பையும் பார்த்தார். பகலெல்லாம் ஒரே பாட்டைப் பாடியவர்கள், சாப்பாட்டு வேளையில் பிராமணர் தனி, மராத்தியர் தனி என்று பிரிந்தார்கள். அது அவரை உறுத்தியது. பிராமணரான அவர் மராத்தியப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகே அந்தப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து தங்கள் வாழ்க்கைக் கதைகளைச் சொன்னார்கள். அக்கா என்று அழைத்தார்கள். ஓர் ஆய்வாளருக்கு எந்த வினாப்பட்டியலும் தராத தகவல் அது. இந்தக் கட்டுரை 1962இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

ஒற்றுமையை மட்டும் எழுதுவதும் பிரிவினையை மட்டும் எழுதுவதும் எளிது. ஒரே ஊர்வலத்தில் இரண்டையும் கண்டு, இரண்டையும் மறைக்காமல் எழுதியதுதான் இவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இதை ஒரு செயல்பாடாக்கலாம். ஊர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர் யார், பறை அடிப்பவர் யார், பொங்கல் எங்கெங்கே பொங்குகிறது, யார் வீட்டுச் சாப்பாடு யார் வீட்டுக்குப் போகிறது என்று மாணவர் இரண்டு நாள் பார்த்து எழுதி வரட்டும். சாதிப் பெயர் கேட்க வேண்டாம். தெரு, தொழில், வேலை போதும். எழுதியதை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம். ஆசிரியரே வாங்கிப் படித்து, பெயர் சொல்லாமல் இரண்டு மூன்று செய்திகளைக் கரும்பலகையில் எழுதிப் பேச்சைத் தொடங்கலாம்.