முருகன் பேரு பழசா? அர்த்தம் பாத்துட்டு சொல்லுங்க!

ஓம் சரவணபவ!

"முருகன் பேரா இருக்கணும், ஆனா பழசா இருக்கக் கூடாது." குழந்தைக்குப் பேர் தேடுறவங்க எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க. என் அக்காவுக்கு அடுத்த மாசம் பிரசவம், எங்க வீட்லயும் இதே பேச்சுதான். பழசா புதுசான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அந்தப் பேரெல்லாம் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம்.

முருகன், குமரன்:
'முருகு' என்ற சொல்லுக்கு அழகு, இளமை, நறுமணம் என்று பல பொருள் உண்டு. குமரன் என்றாலும் இளையவன்தான். நாம பழசுன்னு ஒதுக்குற பேரோட அர்த்தமே இளமை!

பிறப்பைச் சொல்லும் பேர்கள்:
சரவணம் என்றால் நாணல் காடு. அந்தப் பொய்கையில் தோன்றியவன் சரவணன். கார்த்திகைப் பெண்கள் 6 பேர் வளர்த்ததால் கார்த்திகேயன். ஆறுமுகம், சண்முகம் ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணு தமிழ், இன்னொண்ணு வடமொழி.

ஊரைச் சொல்லும் பேர்கள்:
திருச்செந்தூரின் பழைய பேரு செந்தில். உங்க ஃப்ரெண்டு செந்திலைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு படைவீட்டைத்தான் சொல்றீங்க. தணிகாசலம் என்றால் தணிகை மலை, அதாவது திருத்தணி. சூரனோடு போர் முடிந்து முருகன் சினம் தணிந்த இடம் என்பது நம்பிக்கை.

செயலைச் சொல்லும் பேர்கள்:
அப்பா சிவனுக்கே பிரணவத்தின் பொருள் சொன்னதால் சுவாமிநாதன், சுவாமிக்கே நாதன். தண்டம் என்றால் கோல், பாணி என்றால் கை. பழநியில் கையில் கோலோடு நிற்பவர் தண்டபாணி.

பெண் குழந்தைக்கு:
வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை என்பதால் வள்ளி. மூணே எழுத்து, எந்த ஊர்க்காரரும் ஈசியா சொல்லலாம்.

நான் பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலை பாக்குறேன். நமக்கு குடும்பப் பேர் கிடையாதுல்ல, அதனால ஐடி கார்டுல கடைசிப் பேரா அப்பா பேருதான் இருக்கு. மீட்டிங்ல பாதிப் பேர் என்னை அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அதுல தணிகை இருக்கு. அர்த்தம் என்னன்னு ஒரு நாள் டீம்ல ஒருத்தர் கேட்டப்போ, கோபம் தணிஞ்ச மலைன்னு சொன்னேன். "ரிலீஸ் நாள்ல நீங்க பக்கத்துலயே இருங்க"ன்னு சிரிச்சார். இன்னைக்கு நாம வைக்கிற பேரும் நாளைக்கு இன்னொரு குழந்தையோட இனிஷியல்தான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி. தாத்தா பாட்டி பேரைத் தாங்குறதாலதான் அந்த உறவுக்கே அந்தப் பேரு. புதுப் பேர் வைக்கிறது தப்பே இல்ல. ஆனா ஆப்ல தேடுறதுக்கு முன்னாடி, தாத்தா பேரு எந்தக் கோயில்ல இருந்து வந்துச்சுன்னு வீட்ல ஒரு தடவை கேளுங்க. சொல்லத் தெரிஞ்சவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!