பூனையின் கண்ணில் ஹெர்பிஸ்: கண்டுபிடித்த விதமும் கற்ற பாடமும்

“பூனைக்கு ஹெர்பிஸா? நமக்கும் ஒட்டிக்குமா?” எங்கள் சிட்டுவுக்கு இந்த நோய் என்று சொன்னதும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஒட்டாது. பூனையைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் வேறு, மனிதருக்கு உதட்டில் கொப்புளம் போடும் வைரஸ் வேறு. கிராண்டெல், மாரர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1958-லேயே பூனையின் இந்த வைரஸைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் பூனை வளர்க்கும் பலருக்கு இந்தப் பெயரே புதிது. குட்டி தும்மினால் சளி, கண்ணில் பீளை கட்டினால் தூசி என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதால் கண் போன பூனைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிட்டு, சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் மழைக்காலத்தில் கிடைத்த குட்டி. கிடைத்தபோது இரண்டு கண்ணும் பீளையால் ஒட்டியிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, மருத்துவர் கொடுத்த மருந்தைப் போட்டதும் தேறிவிட்டது. சில மாதம் கழித்து நாங்கள் வீடு மாறினோம். புது வீட்டில் முதல் வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பிறகு தும்மல் தொடங்கியது. ஒருநாள் காலையில் வலது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வந்து நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது.

பழைய கதைதான் முதல் சோதனை

மருத்துவர் கண்ணைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கினார். குட்டியாக இருந்தபோது கண் ஒட்டியிருந்ததா? அப்போது எந்தக் கண் மோசம்? தடுப்பூசி எத்தனை போட்டாயிற்று? சமீபத்தில் வீட்டில் என்ன மாறியது?

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. ஒருமுறை தொற்றிய ஹெர்பிஸ் வைரஸ் பெரும்பாலான பூனைகளின் உடலை விட்டுப் போவதே இல்லை. முகத்து நரம்பின் முடிச்சுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, அறுவை சிகிச்சை, பிரசவம், ஸ்டீராய்டு மருந்து என்று ஏதாவது ஒன்று உடலை அலைக்கழிக்கும்போது மறுபடி தலைதூக்குகிறது. பெரும்பாலும் உடனே தெரியாது. ஒரு வாரம்போல் கழித்துத்தான் வெளியே வரும். சிட்டுவின் கதையில் இரண்டுமே இருந்தன: குட்டிப் பருவத்துக் கண் நோய், வீடு மாறிய சில நாளில் தும்மல்.

பூனையால் பேச முடியாது. அது வாழும் வீட்டில் என்ன நடந்தது என்று மருத்துவருக்கும் தெரியாது. நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை நம் கையில் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். எது எப்போது தொடங்கியது, எந்தக் கண், பீளை தண்ணீராகவா மஞ்சளாகவா, என்ன சாப்பிட்டது என்று எழுதி வையுங்கள். தும்முவதையும் கண்ணைச் சுருக்குவதையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் பயத்தில் உறைந்து நிற்கும் பூனை இவற்றைக் காட்டாது.

கண்ணில் எதையும் விடாமல் போங்கள்

“கண்ணுல ஏதாவது மருந்து விட்டீங்களா?” என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்குக் கண்வலி வந்தபோது வாங்கிய சொட்டு மருந்தைத் தந்திருந்தார். நான் விடவில்லை, பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அட்டையைப் படித்த டாக்டர் ஒரு பெயரை விரலால் சுட்டினார்: டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. சிவப்பு உடனே குறையும். ஆனால் கருவிழியில் புண் இருந்தால் அது ஆறாது, வைரஸும் பெருகும். புண் ஆழமாகிக் கண்ணிலேயே ஓட்டை விழக்கூடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கண் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், மருத்துவரைக் கேட்காமல் பூனையின் கண்ணில் எதையும் விடக் கூடாது என்பதை வையுங்கள்.

நீல வெளிச்சத்தில் தெரிந்த கோடுகள்

சிட்டுவைத் துண்டில் சுருட்டித் தலையை மட்டும் வெளியே விட்டேன். முதலில் ஒரு காகிதப் பட்டையை இமைக்குள் செருகி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று கண்ணீரை அளந்தார். ஹெர்பிஸ் வந்த கண்ணில் கண்ணீர் குறைந்துபோவதுண்டு. அடுத்து, நுனியில் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த இன்னொரு பட்டை. அதில் ஒரு சொட்டு சலைன் விட்டு இரண்டு கண்ணோரத்திலும் தொட்டார். சாயத்தின் பெயர் ஃபுளோரசீன். கண் முழுக்க மஞ்சள்பச்சை பரவியது. சலைனால் கழுவிவிட்டு, அறை விளக்கை அணைத்து, நீல ஒளி அடித்தார்.

வலது கருவிழியின் மேல் அரசிலை நரம்பு போல மெல்லிய பச்சைக் கோடுகள், கிளை விட்டுக் கிளை விட்டு ஓடின. “பாருங்க, கோடு எப்படிப் பிரிஞ்சு போகுது. நகம் கீறின காயம் இப்படி இருக்காது” என்றார். கருவிழியின் மேலடுக்கில் இருக்கும் செல்களை வைரஸ் கொன்றுகொண்டே போகிறது. தோல் உரிந்த அந்தத் தடத்தில் மட்டும் சாயம் பிடிக்கிறது. கிளைக் கோடாக வரும் இந்தப் புண் ஹெர்பிஸின் கையெழுத்தாகவே கருதப்படுகிறது. எல்லாப் பூனையின் கண்ணிலும் இது தெரிந்துவிடாது. புண் பரவிப் படர்ந்துவிட்டால் கிளை வடிவம் மறைந்துபோகும். அதனால் சீக்கிரம் போவது முக்கியம்.

சற்று நேரத்தில் இடது நாசியில் பச்சைச் சாயம் எட்டிப் பார்த்தது. வலது நாசியில் வரவில்லை. கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் கண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் வீங்கி அடைத்திருக்கலாம், அதனாலும் கண்ணீர் வழியலாம் என்றார்.

ஒரே மாதிரித் தெரியும் மற்ற நோய்கள்

கேலிசி வைரஸும் தும்மலோடு வரும். ஆனால் நாக்கிலும் வாயிலும் புண் போடும், சில குட்டிகள் நொண்டும். கிளமிடியா என்ற பாக்டீரியா பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி, இமையின் உட்சதையைப் பொம்மென்று வீங்க வைக்கும், தும்மல் குறைவு. கருவிழியில் புண் விழுந்தால் முதல் சந்தேகம் ஹெர்பிஸ் மீதுதான். இரண்டு மூன்று கிருமிகள் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

பிசிஆர் சொல்வதும் சொல்லாததும்

வைரஸைத் தேடும் பிசிஆர் சோதனை எடுத்தால் உறுதியாகிவிடுமே என்று கேட்டேன். எளிதில் ஆகாது. வைரஸ் பதுங்கியிருக்கும் நல்ல பூனைக்கும் பாசிட்டிவ் வரலாம். சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தாலும் வரலாம். நோயுள்ள பூனையிலேயே, வைரஸ் வெளிப்படாத நாளில் எடுத்தால் நெகட்டிவ் வரலாம். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்ப்பதும் உதவாது. தடுப்பூசி போட்ட பூனைக்கெல்லாம் அது இருக்கும். முடிவைக் கண்ணோடும் கதையோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சோதனை எடுப்பதாக இருந்தால் சாயம் விடுவதற்கு முன்பே பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சாயம் முடிவைக் கெடுக்கக்கூடும். இளம் பூனைக்கு நோய் கடுமையாகவோ திரும்பத் திரும்பவோ வந்தால் பூனையின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி, எஃப்இஎல்வி வைரஸ்களுக்கான சோதனைகளையும் செய்துவிடுவது நல்லது.

மருந்தும் வீட்டு வேலையும்

சிட்டுவுக்கு ஃபாம்சைக்ளோவிர் மாத்திரை எழுதித் தந்தார். மனிதருக்கு அக்கி வந்தால் தரும் அதே மாத்திரை. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். இதே வகைதானே என்று அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அவை நஞ்சு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் உயிரே போய்விடும். பாக்டீரியாவுக்காக டாக்சிசைக்ளின் மாத்திரை தந்தால், விழுங்கிய உடனே கொஞ்சம் தண்ணீரோ உணவோ கொடுங்கள். தொண்டைக்குக் கீழே தங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். லைசின் பொடியைப் பலர் வாங்கச் சொல்வார்கள். அதனால் பலன் இருப்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

மூக்கு அடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. பட்டினி நீண்டால் ஈரல் கெடும். மீனை வேகவைத்து, முள் எடுத்து, இளஞ்சூட்டில் பிசைந்து மூக்குக்கு அருகில் காட்டினேன். விரலில் தடவியதை முதலில் நக்கியது. வெந்நீர் ஓடவிட்ட குளியலறையில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்கவைத்தேன். தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எதையும் அந்த ஆவியில் கலக்கக் கூடாது. வேறு பூனைகள் இருந்தால் தட்டும் மணல் தொட்டியும் தனியாக வையுங்கள். நோய்ப்பட்ட பூனையைக் கடைசியாகத் தொட்டுக் கை கழுவுங்கள். இந்த வைரஸ் வெளியே நீண்ட நேரம் பிழைக்காது. தண்ணீர் கலந்த ப்ளீச்சில் செத்துவிடும்.

தடுப்பூசி தொற்றை முழுதாகத் தடுக்காது. நோயின் கடுமையைக் குறைக்கும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரையாவது போட வேண்டும்.

சிட்டுவின் புண் ஆறிவிட்டது. வைரஸ் அதன் உடம்பில் இருந்துகொண்டுதான் இருக்கும். ஊருக்குப் போவதாக இருந்தால் அதை வேறு இடத்தில் விடாமல் வீட்டுக்கே ஆள் வரச் சொல்கிறோம். விருந்தாளிகள் வந்தால் அதற்கென்று ஒரு அறை ஒதுக்குகிறோம். ஹெர்பிஸ் என்று கேட்டதும் குட்டியைத் தெருவில் விட்டுவிட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நம் ஊர்ப் பூனைகளில் பல இந்த வைரஸோடுதான் நன்றாக வாழ்கின்றன. தினமும் சோறு வைக்கும்போது இரண்டு கண்ணும் ஒரே அளவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று சுருங்கியிருந்தால் நாளைக்குத் தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் கிளம்புங்கள்.